சட்டை போடாத நத்தை

மைக்ராஸ்கோப் அறையில், ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஸ்பிரிட்டுக்குள் ஒரு நத்தை. கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், உயரமான ஓடு. அதன் பக்கத்தில் ஒரு மரச் சில்லு. போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "மேடம், ஸ்பிரிட் மாத்தறோம். நத்தை சரி, அந்தக் கட்டைத் துண்டு எதுக்கு? தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார். நல்ல வேளை, கேட்டீர்கள். நான் சேர்ந்த காலத்தில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முதலில் எறிந்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செடி குவாரண்டைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பூச்சி, புழு, பூஞ்சை பற்றியெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மனிதர்கள் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. இத்தாலியிலிருந்து ஒரு சீமை அத்திக் கன்று வந்தது. ஆள் உயரம்கூட இல்லை. குளிர்காலம் என்பதால் ஓர் இலை இல்லை. வேரை மண் போகக் கழுவி, பாசி சுற்றி, அனுமதிச் சீட்டு, அந்த ஊர் அதிகாரியின் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக வைத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே வந்தவள் பத்மா. நம் கல்கத்தா பவானிபூர்த் தமிழ்ப் பெண். அவள் அப்பாவின் மளிகைக் கடையில்தான் எங்கள் வீட்டுக்கு அப்பளமும் பெருங்காயமும் வாங்குவோம். இங்கேயே நர்ஸ் படிப்பு படித்து, ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து, பிறகு இத்தாலிக்குப் போய் வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தாள்.

கடைசியாக அவள் பார்த்துக்கொண்டது ஒரு கிழவரை. அவர் வீட்டுக் கல் சுவரை ஒட்டி ஒரு பழைய அத்தி மரம். அதன் வேரிலிருந்து கிளைத்த கன்றைத் தொட்டியில் வைத்து அவளுக்கென்று வளர்த்திருக்கிறார். படுக்கையில் விழுவதற்கு முன்னால் கடைசியாக எழுந்து நடந்தது அந்தத் தொட்டி வரைக்கும்தான். குறுக்கே போன ஒரு கிளையைக் கை நடுங்க வெட்டிவிட்டிருக்கிறார். வெட்டு கோணலாகப் போய், அந்த இடம் ஒரு சின்னப் பொந்தாக நின்றுவிட்டது.

பத்மா என்னிடம் கன்றை ஒப்படைத்தபோது அந்தப் பொந்தைத்தான் தொட்டுக் காட்டினாள். "அவரு போட்ட வெட்டு, மேடம். 'உங்க ஊர்ல காய்ச்சா சரி'ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல." அவள் கேட்டதெல்லாம், "பொழைச்சிருமில்ல?" என்பதுதான்.

வழக்கப்படி கன்று சாந்த்ராகாச்சி ரயில் யார்டுப் பக்கம் நமக்கு இருந்த நெட் ஹவுசுக்குப் போயிற்று. இரட்டைக் கதவு, மெல்லிய வலை, வெளியே விடாமல் ஷண்டிங் எஞ்சினின் கூவல். வெளிநாட்டுச் செடி குறிப்பிட்ட காலம் அங்கே தனியாக இருந்து, ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று தெரிந்த பிறகே வீட்டுக்குப் போகும். அதைத் தினம் பார்த்துக்கொண்டவள் சுதபா. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், என்னைவிட நல்ல கண், என்னைவிட நீளமான நாக்கு.

மாசி வெயில் ஏறியதும் அத்தி மொட்டு விட்டது. சுதபா மொட்டுகளைப் படம் எடுத்து பத்மாவுக்கு அனுப்புவாள். அந்தப் பக்கத்திலிருந்து கைகூப்பிய பொம்மைகளாக வந்து விழும். ஒரு நாள் காலை நான் நெட் ஹவுசுக்குள் நுழைகிறேன், சுதபா கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"தீதி, நேத்து எடுத்த படத்தையும் இன்னைக்கு எடுத்த படத்தையும் பாருங்க. இந்த மொட்டு இடம் மாறியிருக்கு" என்றாள் வங்காளத்தில். அவள் என்னோடு பேசியதையெல்லாம் நான் உங்களுக்குத் தமிழில்தான் சொல்கிறேன்.

மொட்டு மலரும், உதிரும், கருகும். நடக்காது. லென்சை வைத்துப் பார்த்தேன். மொட்டே இல்லை. உடம்பு முழுக்கப் பட்டைத் தூளும் அழுக்கும் பூசிக்கொண்ட ஒரு குட்டி நத்தை. நனைந்த பஞ்சால் துடைத்தால் உள்ளே தேன் நிறத்தில் ஓடு. அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டோம். இரண்டு நாளில் மறுபடி தூளைப் பூசிக்கொண்டு, குளிக்க வைத்த குழந்தை புழுதியில் புரண்டுவிட்டு வந்தது போல நின்றது.

பெயரைக் கண்டுபிடித்தோம். மெர்டிஜெரா ஒப்ஸ்க்யூரா. ஐரோப்பாவில் மரத்தண்டிலும் பழைய கல் சுவரிலும் வாழ்வது. பாசியையும் அதுபோன்ற மெல்லிய படிவுகளையும் சுரண்டித் தின்னும். பகலில் தண்டோடு ஒட்டிக்கொண்டு மொட்டு மாதிரி இருந்துவிடும், ஈரம் வந்தால் உலாவும். இவ்வளவு அடக்கமான ஜீவனுக்கு 'மலம் சுமப்பது' என்று லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு அன்று வீட்டில் என்ன சண்டையோ. நாங்கள் அதை 'சட்டைக்காரி' என்று கூப்பிட்டோம். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருப்பதால் 'சட்டைக்காரன்' என்றாலும் கோபித்துக்கொள்ளாது.

எனக்கு அதைப் பிடித்துவிட்டது. சொல்வதற்கு வெட்கம் இல்லை. உங்களுக்கும் சில ஜந்துக்களைப் பிடித்துப்போகும். அதில் தப்பில்லை, வேலை வேலையாக இருக்கும் வரை.

பெரிய அதிகாரிக்குச் சொன்னோம். நல்ல மனிதர், சட்டம் தெரிந்தவர். "உயிருள்ள நத்தை. செடியோட எரிச்சிடுங்க" என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகை போட்டு நத்தையைக் கொல்லலாம், ஆனால் இலை விடும் கன்று அதைத் தாங்காது. ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்த பெரிய நத்தை இன்று வங்காளத்தில் எத்தனை கீரைப் பாத்தியைத் தின்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் முதலில் யாரோ ஒருவருடைய ஆசையில்தான் வந்திறங்கியது.

பத்மாவுக்கும் தெரிவித்தோம். அன்று சாயங்காலமே பத்மாவின் அப்பா எனக்குப் போன் செய்தார். குரல் தழைந்திருந்தது. "அம்மா, நம்ம பொண்ணும்மா அது. அங்கேந்து வந்ததுலேந்து யாரோடயும் சரியாப் பேசல. அந்தச் செடியப் பத்தின்னா மட்டும் வாயத் தொறக்கறா. நீங்க கொஞ்சம் பாத்து..." என்றார்.

போனை வைத்ததும் எனக்குள் ஏதோ இறுகிவிட்டது. இந்த ஊரில் தமிழர்கள் நாம் எத்தனை பேர்? ஒரு கல்யாணத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடலாம். தெரிந்த பெண் என்று சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக் கூடாது. நாளைக்கே எரித்துவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் சுதபாவிடம் சொன்னேன். அவள் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"பத்மா ஒரு பஞ்சாபிப் பொண்ணா இருந்திருந்தா என்ன செய்வீங்க, தீதி?"

"வேற வழி இருக்கான்னு பாத்திருப்பேன்."

"அப்ப பாருங்க."

இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியவர் என்று விட்டுக்கொடுப்பது தவறு என்பதை எல்லோரும் சொல்வார்கள். வேண்டியவர் என்பதற்காகவே இறுக்கிப் பிடிப்பதும் அதே தவறுதான், சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வரும். நல்ல பெயர் நமக்கு, நஷ்டம் அவர்களுக்கு. சுதபா அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் அதை நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

பெரிய அதிகாரியிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். "எல்லா நத்தையையும் எடுத்துட்டோம்னு நிரூபிக்க முடிஞ்சா செடி தப்பிக்கட்டும், முடியலேன்னா நானே எரிக்கறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மொட்டு எது, நத்தை எதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?" என்றார். பட்டையும் பழுப்பு, மொட்டும் பழுப்பு, சட்டையும் பழுப்பு. ஒன்றைத் தவற விட்டாலும் அது போய் லேக் கார்டன்ஸ் முழுக்க ஏறிவிடும். பத்மா வீடு வாங்கியிருந்தது அங்கேதான், ஏரிக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்க ஈரம்.

பதிலைக் கொண்டுவந்தது தோல்யாத்திரைப் பண்டிகை, நம் ஊர் ஹோலி. பண்டிகைக்கு மறுநாள் சுதபா எத்தனை தரம் குளித்தும் தலையில் அபீர் வண்ணப் பொடி மிச்சத்தோடு வேலைக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்க்கையில் கொஞ்சம் ரோஜா நிறப் பொடி உள்ளே உதிர்ந்திருக்கிறது. அடுத்த காலை எங்கள் சட்டைக்காரி ரோஜா நிறத்தில் நின்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுதபா வாய் விட்டுச் சிரித்தாள்.

பூவிலிருந்து எடுத்த அபீர் கொஞ்சம் வாங்கி, கன்றின் தண்டில் ஈரத்தோடு தூவினோம். ஒரு நாள் விட்டு, மெல்லிய தண்ணீர்ச் சாரலில் கழுவினோம். பட்டையிலிருந்த பொடி ஓடிவிட்டது. நத்தைகள் தங்கள் பசையோடு குழைத்துப் பூசிக்கொண்டது மட்டும் போகவில்லை. பழுப்புத் தண்டில் ரோஜா நிறப் புள்ளிகள் அங்கங்கே. இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டோம். மறுபடி தூவினோம், மறுபடி கழுவினோம். புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு வாரக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. தூவினால் தண்டு ரோஜாவாகும், கழுவினால் சுத்தப் பழுப்பாகும், அவ்வளவுதான். இலைகளோ உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டன.

பெரிய அதிகாரி தானே நேரில் வந்து பார்த்தார். அவருக்கும் சந்தோஷம். தன் மேலதிகாரிகளுக்கு இதைச் சொல்லப்போவதாகச் சொன்னார். நாள் குறித்தோம். பத்மாவும் அவள் அப்பாவும் டாக்சி எடுத்துக்கொண்டு வந்தார்கள். டாக்சியில் பின் சீட்டில் கன்று சாயாமல் இருக்கத் தலையணைகள். அப்பா கையில் கடையிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம். சுதபா தன் பங்குக்கு சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்திருந்தாள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கையெழுத்துப் போடும் முன், பிடித்த நத்தைகளைக் குப்பியில் போட்டு வைத்துவிடலாம் என்று தட்டை லென்சின் கீழே இழுத்தேன். ஸ்பிரிட் பட்டதும் சாயம் போய் ஓடுகள் துலக்கமாகத் தெரிந்தன. இந்த வகையில் வளர்ந்த நத்தைக்கு ஓட்டின் வாயோரம் தடித்து, வெளியே மடிந்து, வெள்ளை உதடு மாதிரி இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உதடு இல்லை. அடுத்ததற்கும் இல்லை. எதற்குமே இல்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள், ஒரு டீச்சர்கூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. படித்ததுதான், மறந்து போயிருந்தது. சட்டை போட்டுக்கொள்வது குட்டிகள் மட்டுமே. வளர்ந்த நத்தை பெரும்பாலும் வெறும் ஓட்டோடுதான் இருக்கும். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பார்கள். இங்கே பிள்ளை கட்டிய சேலையைத் தாய் கட்டுவதில்லை. எங்கள் அபீர் பிள்ளைகளை மட்டும்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அவற்றைப் பெற்றது எங்கே?

வெளியே டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். பத்மா வலைக்கு அந்தப் பக்கம் நின்று கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். பெரிய அதிகாரி பேனாவை என் பக்கம் நகர்த்தினார். வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள்? உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் வாயைத் திறந்து அதைக் கெடுக்க வேண்டும். இந்த வேலையில் அதைவிடக் கஷ்டமான நேரம் எனக்கு வந்ததில்லை. அழுகையாக வந்தது.

வலை வரை நடந்து போனேன். "பத்மா, இன்னைக்குத் தர முடியாதும்மா" என்றேன்.

அவள் அப்பா கத்திவிட்டார். "என்னங்க இது, வெளையாட்டா? வரச் சொன்னது நீங்கதானே? நம்ம மனுஷான்னு நம்பித்தானே..."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் பத்மா. என்னைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்றாள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள்.

சொன்னேன். தாயைக் காணோம் என்று சொன்னேன். அவள் கன்றின் தண்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு, "பொந்துல பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்திருந்தோம். டார்ச் அடித்து, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்திருந்தோம். பொந்தின் அடி வளைந்து உள்ளே போகிறது, காய்ந்த தூள் அடைத்திருக்கிறது, அதற்கு அப்பால் தெரியவில்லை. குச்சி விட்டுக் கிளறினால் முட்டைகள் இருந்தால் சிதறிவிடும். தண்டைப் பொந்துக்கு மேலே அறுத்து எடுத்தால்தான் நிச்சயமாகத் தெரியும். மேல் பகுதியை மணலில் நட்டால் அத்தி வேர் விடும், அநேகமாகப் பிழைக்கும். ஆனால் கிழவர் வெட்டிய இடம் அடிப்பகுதியோடு எரிந்துபோகும். இதையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, இலைகளைப் பார்த்தேன்.

பத்மா வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தியேட்டர்ல எத்தன காலு எடுத்து நானே டிரேல வாங்கியிருக்கேன். கால எடுத்தா ஆளு பொழைப்பாங்கன்னா எடுக்கத்தான் வேணும். நீங்க வெட்டுங்கக்கா. நான் இங்கயே நிக்கறேன்." குரல் கெட்டியாகத்தான் இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் அப்பா முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

சுதபா தண்டைப் பிடித்துக்கொள்ள நான் அறுத்தேன். பொந்தை வெள்ளைத் தட்டின்மேல் பிளந்தோம். காய்ந்த தூளுக்குப் பின்னால், கிழவரின் கோணல் வெட்டு முடியும் இடத்தில், அவள் இருந்தாள். வெறும் ஓடு, பழுப்பு, பளபளப்பு, வெள்ளை உதடு. பக்கத்தில் சின்னச் சின்ன முட்டைகள். கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த மழைக்கு எல்லாம் லேக் கார்டன்ஸ் சுவர்களில் ஏறியிருக்கும். அதனால் ஏதாவது கெட்டிருக்குமா என்று கேட்பீர்கள். தெரியாது. தெரியாததை அடுத்தவர் சுவரில் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

பெரிய அதிகாரி பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சந்தேஷில் ஒன்றை எடுத்து பத்மாவின் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடிப்பகுதி எரிந்தது, முட்டைகளோடு. மேல் பகுதியை இலைகளைக் கிள்ளிவிட்டுச் சுத்தமான மணலில் வைத்தோம். முதலில் வாடி, எங்களைப் பயமுறுத்தி, மழை தொடங்கியதும் வேர் பிடித்தது. மறுபடி காவல், மறுபடி சோதனை. இந்த முறை ரோஜாவையும் தேடினோம், ரோஜா இல்லாததையும் தேடினோம். துர்கா பூஜைக்கு முன்னால் பத்மா அதைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினாள். ஏறுவதற்கு முன் மைக்ராஸ்கோப் அறைக்கு வந்து, "அவளப் பாக்கணும்க்கா" என்று கேட்டாள்.

தாயைத் தனியாகப் போட்டு வைத்திருந்த குப்பியைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இவளுக்குச் சட்டை இல்ல."

"பெரியவங்க போட்டுக்கறதில்ல."

"யாரும் தெரியாத ஊருக்கு வந்து, புள்ளைங்கள பெத்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நத்தைக்குப் பக்கத்தில் கிடந்த மரச் சில்லைப் பார்த்துவிட்டாள். அரை விரல் அகலம். ஒரு ஓரம் கோணலாக, நடுங்கிய கையால் வெட்டியது போல ஏறி இறங்கி இருக்கும். எரிப்பதற்கு முன் நான் பிளந்து எடுத்து ஸ்பிரிட்டில் போட்டது. ஸ்பிரிட்டில் கிடப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. சட்டத்திலும் இடம் இருந்தது, நத்தை எதன்மேல் இருந்ததோ அதில் கொஞ்சம் சேர்த்து வைப்பது வழக்கம்தான்.

குப்பியின் கண்ணாடிமேல், சில்லு இருக்கும் இடத்தில், கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது லேக் கார்டன்சில் அவள் வீட்டு மொட்டை மாடியில் அந்த மரம் காய்க்கிறது. போன மாசம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். நான் பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பி, காம்படியில் லென்சுக் கண்ணோடு பார்த்தேன். "பாத்துட்டேன்க்கா, எல்லாத்தையும் நானே பாத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்று சிரித்தாள். கிளம்பும்போதுதான் கேட்டாள்: "அந்தக் குப்பி இன்னும் அங்கயே இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிட்டை மாற்றுங்கள், குப்பியைத் துடைத்து வையுங்கள். அந்தச் சில்லு உள்ளேயே இருக்கட்டும்.